கேள்வியில குடுக்காததையும் தேடச் சொல்லிக்குடுங்க: மெக்கானிக்கல் வாத்தியார்களுக்கு ஒரு மடல்

பாலிடெக்னிக்லயும் இன்ஜினியரிங் காலேஜ்லயும் மெக்கானிக்கல் பாடம் நடத்துற சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் யூனிட்ல சர்வீஸும் மெயிண்டனன்ஸும் பாத்துக்கிறேன். ஐடிஐ ஃபிட்டர் முடிச்சு உள்ள வந்தவன், 27 வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் உங்க கையில படிச்சு வர்ற பசங்களும், இப்ப கொஞ்ச வருஷமா பொண்ணுங்களும், ட்ரெய்னியா முதல்ல என்கிட்டதான் வருவாங்க. ஆறு மாசம் என்கூட இருந்துட்டு அப்பறம்தான் டிசைனுக்கோ ப்ரொடக்ஷனுக்கோ போவாங்க. அதனால நீங்க என்ன சொல்லிக்குடுக்கறீங்கன்னு உங்க சிலபஸ் பாக்காமயே எனக்கு ஓரளவுக்கு தெரியும். குறை சொல்லணும்னு எழுதலைங்க, ரொம்ப நாளா மனசுல அரிச்சிட்டே இருக்கற ஒரு விஷயம், உங்ககிட்ட சொன்னாத்தான் தீரும்னு தோணுச்சு.

போன சித்திரையில நடந்தத சொல்றேன். பல்லடம் பக்கமிருந்து ஒரு விவசாயி அஞ்சு ஹெச்பி மோனோபிளாக் பம்ப (மோட்டாரும் பம்பும் ஒண்ணா சேந்தது) டெம்போவுல போட்டு கொண்டு வந்தாரு. முன்ன மாதிரி தண்ணி எடுக்கல, ஓடறப்ப உள்ள ஜல்லிய போட்டு குலுக்குற மாதிரி சத்தம் வருதுன்னாரு. எங்க ட்ரெய்னி பையன்தான் கழட்டுனான். உள்ள சுத்தி தண்ணிய தள்ளுற இம்பெல்லர்ல அங்கங்க அரிச்சு குழி குழியா இருந்துச்சு, மாத்திட்டான், சீலும் மாத்திட்டான், டெஸ்ட் பெஞ்சுல போட்டா ஜம்முனு தண்ணி அடிக்குது. குடுத்தனுப்பிட்டோம். நாலாம் நாளு மறுபடியும் அதே டெம்போ வந்து நிக்குது. பையன் விடல, நோட்ட எடுத்து ஹெட்டு, டிஸ்சார்ஜ், எஃபிஷியன்ஸி எல்லாம் போட்டு ரெண்டு பக்கத்துக்கு கணக்கு எழுதி, உங்களுக்கு அஞ்சு ஹெச்பி பத்தாதுங்க, ஏழரை ஹெச்பி போட்டுக்கங்கன்னு சொல்லிட்டான். அந்த விவசாயியும் சரி வேற வழி இல்லன்னு கடன் வாங்கியாவது புதுசு எடுத்துக்கறேன்னு தலைய ஆட்டிட்டாரு.

அந்த நேரத்துல எங்க பட்டறையில காயில் கட்டற அண்ணன் ஒருத்தரு, எட்டாவதுக்கு மேல படிக்காதவரு, டீ குடிச்சிட்டே அந்தப் பக்கமா வந்தவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ஏனுங்க, தை மாசத்துல இருந்து உங்க கெணத்துல தண்ணி எவ்ளோ அடி கீழ போயிருக்குமுங்க? விவசாயி யோசிச்சுட்டு பன்னெண்டு அடி எறங்கியிருக்கும்னாரு. அவ்ளோதாங்க விஷயம். பம்ப் கெணத்துக்குள்ள திட்டுல உக்காந்திருக்கு, தண்ணி கீழ போயிருச்சு, நடுவுல கிட்டத்தட்ட 28 அடி சக்ஷன், அதாவது தண்ணி மட்டத்துல இருந்து பம்பு வரைக்கும் ஏற வேண்டிய ஒசரம், அப்பறம் எப்பிடி எடுக்கும்? டெஸ்ட் பெஞ்சுல தொட்டி காலடியிலயே இருக்கறதால அங்க எல்லாம் நல்லாவே தெரிஞ்சுச்சு. பம்ப ஒரு திட்டு கீழ எறக்கி, சக்ஷன் பைப்ப குறைச்சு, டெலிவரி பைப்ப நீட்டி விட்டாங்க, பைப்புக்கும் ரெண்டு ஆள் கூலிக்கும்தான் செலவு. ஏழரை ஹெச்பி வாங்கியிருந்தாருன்னா அது இன்னும் வேகமா இழுக்கப் பாத்து இன்னும் மோசமாத்தான் ஆயிருக்கும், காசு போயிருக்கும், அந்த வருஷம் வாழையும் போயிருக்கும்.

அந்தப் பையன் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல 92 மார்க் எடுத்தவன். என்பிஎஸ்ஹெச் (பம்ப் வாயில தண்ணிக்கு இருக்க வேண்டிய அழுத்தக் கணக்கு) என்னன்னு கேட்டா பார்முலா எழுதி, படம் வரைஞ்சு, கேவிட்டேஷன் (அழுத்தம் குறைஞ்சு தண்ணியில குமிழி வந்து உடைஞ்சு இம்பெல்லர அரிக்கறது) ஏன் வருதுன்னு மூணு பாயிண்ட்டு சொல்லுவான். நான் தனியா கூப்ட்டு கேட்டேன், ஏன் கண்ணு உனக்கு இது தெரியாதான்னு. அவன் சொன்னது இன்னிக்கும் காதுல கேக்குது. தெரியும் சார், சக்ஷன் லிஃப்ட் எவ்வளவுன்னு குடுத்திருந்தா போட்டிருப்பேன், யாரும் குடுக்கலையே சார்.

குடுக்கலையே சார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடலே எழுதறேன்.

அவன் மக்கு இல்லைங்க, சோம்பேறியும் இல்ல, ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த பம்போட உக்காந்திருந்தான். ஆனா மூணு வருஷமா அவன் பாத்த ஒவ்வொரு சம்லயும் மேல "கொடுக்கப்பட்டவை"ன்னு ஒரு வரிசை இருந்திருக்கு, கீழ "கண்டுபிடிக்க"ன்னு ஒண்ணு இருந்திருக்கு, மேல இருக்கற எல்லாத்தையும் போட்டா கீழ இருக்கறது வந்துரும், மிச்சம் எதுவும் இருக்காது, குறையவும் செய்யாது. வெளிய வர்ற பிரச்சினை அப்பிடி வர்றதில்ல. பாதி விஷயம் விவசாயியோட ஞாபகத்துல இருக்கும், கால்வாசி கெணத்துக்குள்ள இருக்கும், தேவையே இல்லாத பத்து விஷயம் முன்னாடி வந்து நிக்கும். எது தெரியணும்னு கேக்கறதுதான் வேலையில பாதி, அதச் சொல்லிக்குடுக்க உங்க டைம்டேபிள்ல ஒரு மணி நேரம் கூட இல்லன்னு நெனைக்கறேன்.

இந்த சக்ஷன் விஷயத்தையே எடுத்துக்கங்க. நீங்க இத நடத்தறப்ப காத்தழுத்தம் 10.3 மீட்டர் தண்ணிக்கு சமம், நடைமுறையில ஆறு ஏழு மீட்டர்தான் (இருவதுல இருந்து இருவத்தி மூணு அடி) எடுக்கும்னு ஒரு வரியில சொல்லிட்டு சம்முக்கு போயிருவீங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எவ்ளோ பெரிய கதை இருக்குதுங்க! 1600கள்ல இத்தாலியில கெணத்துலயும் சுரங்கத்துலயும் பம்ப் வெச்சவங்களுக்கு பத்து மீட்டருக்கு மேல தண்ணி ஏறவே மாட்டேங்குது, பம்ப எவ்ளோ நல்லா செஞ்சாலும் ஏறல. அன்னிக்கு எல்லாரும் நம்புனது, இயற்கைக்கு வெற்றிடம் புடிக்காது, அதனால தண்ணி தானா மேல இழுபட்டு வருதுன்னு. கலிலியோ எவ்ளோ பெரிய ஆளு, அவரே 1638ல எழுதறப்ப, கயிறு தன் பாரம் தாங்காம அறுந்து போற மாதிரி தண்ணியும் ரொம்ப ஒசரமானா தன் எடையிலயே அறுந்துருதுன்னுதான் விளக்கம் சொன்னாரு. அவரும் "இழுக்கறது"ங்கற நெனப்புக்குள்ளயே நின்னுட்டாரு. இத்தாலி விஞ்ஞானி டாரிசெல்லிதான் அந்தக் கேள்விய அப்பிடியே திருப்பிப் போட்டாரு, பம்ப் தண்ணிய இழுக்கவே இல்ல, வெளிய இருக்கற காத்துதான் தண்ணிய மேல தள்ளுதுன்னாரு. காத்து இவ்ளோதான் தள்ளும்னா அதுக்கு மேல ஏறாது, பம்ப் மேல தப்பே இல்ல. தண்ணிய விட 13.6 மடங்கு கனமான பாதரசம்னா அதே அளவுக்கு குறைவாத்தான் ஏறணுமே, 1643ல கண்ணாடிக் குழாயில வெச்சுப் பாத்தா 76 சென்டிமீட்டர்ல நின்னுச்சு. 76ஐ 13.6ஆல பெருக்கிப் பாருங்க, 10.3 மீட்டர் வந்து நிக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு பிரான்ஸ் விஞ்ஞானி பாஸ்கல் தன் மச்சானுக்கு சொல்லி இந்த மாதிரி குழாய மலை மேல தூக்கிட்டு போகச் சொன்னாரு, மேல போகப் போக பாதரசம் எறங்குச்சு, காத்து அங்க கம்மி. கோயமுத்தூரே கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் ஒசரத்துல இருக்கு, அதனால மெட்ராஸ்ல எடுக்கற அளவுக்குக்கூட இங்க அதே பம்ப் எடுக்காது, இத எத்தன பசங்களுக்கு சொல்லியிருக்கோம்?

இழுக்கறதுன்னு நெனைக்கிற வரைக்கும் பெரிய மோட்டார் போடணும்னுதான் தோணும். தள்ளுறதுன்னு புரிஞ்சுட்டா அப்பறம் வழி தானா நாலு பக்கமும் தெறக்கும். இதுக்கு நான் இத்தாலி போக வேண்டியதில்ல, நம்ம கொங்கு நாட்டு கெணறுங்களே போதும். எங்க அப்பாரு காலத்துல கவலைன்னு ஒரு ஏற்பாடு, எருது பூட்டி தோல் சால்ல தண்ணி எறைச்சாங்க, 60 அடி கெணத்துலயும் எறைச்சாங்க, 34 அடிங்கற (அதே 10.3 மீட்டர்) கணக்கு அங்க குறுக்க வரவே இல்ல, ஏன்னா சால் தண்ணிக்குள்ளயே போயி முங்கி எடுத்துட்டு வருது. கரண்ட் மோட்டார் வந்தப்பறம்தான் இந்தத் தடை வந்துச்சு. அப்ப ஜனங்க என்ன பண்ணாங்க? கெணத்து செவுத்துல திட்டு வெட்டி தண்ணி எறங்க எறங்க மோட்டாரையும் எறக்குனாங்க, மழைக்கு தண்ணி ஏறுனா ராத்திரியோட ராத்திரியா கயிறு போட்டு மேல தூக்குனாங்க, அது ஒரு யோசனை. அப்பறம் மோட்டாரையே தண்ணிக்குள்ள எறக்குற சப்மெர்சிபிள் வந்துச்சு, கீழ இருந்து தள்ளிட்டா காத்தோட தயவே வேண்டாம், யோசிச்சுப் பாத்தா கவலைச் சால் பண்ணுன வேலைதான் அது. போர்வெல்ல தண்ணி கம்மி, மணல் வருது, சப்மெர்சிபிள் எறக்குனா மாட்டிக்குதுன்ன எடத்துல திருப்பூர், அவிநாசி பக்கமெல்லாம் கம்ப்ரசர் போட்டாங்க, மேல இருந்து காத்த உள்ள அனுப்பி தண்ணிய நுரை மாதிரி லேசாக்கி மேல கொண்டு வர்றது, கரண்ட்டு அதிகம் தின்னும், ஆனா கீழ சுத்தற பாகமே கிடையாது, ரிப்பேரும் இல்ல. இன்னும் சிலரு, தண்ணிய எப்பிடி மேல எடுக்கறதுங்கற கேள்வியையே விட்டுட்டாங்க, சொட்டு நீர் போட்டு எடுக்க வேண்டிய தண்ணியையே குறைச்சாங்க, மழைத் தண்ணிய ஓடைல இருந்து திருப்பி கெணத்துக்குள்ள விட்டாங்க.

ஒரே பிரச்சினை, தண்ணி பத்தல. அதுக்கு மோட்டாரு, எடம், காத்து, பயிரு, மழைன்னு அஞ்சு பக்கத்துல இருந்து கை வெச்சிருக்காங்க நம்ம ஆளுங்க. இதெல்லாத்தையும் கிளாஸ்ரூம்ல ஒண்ணா வெச்சு பாத்த ஞாபகம் என் ட்ரெய்னிகளுக்கு இல்ல. பம்ப் ஒரு யூனிட்ல இருக்கு, கம்ப்ரசர் வேற செமஸ்டர்ல இருக்கு, சொட்டு நீர் அக்ரி காலேஜ்ல இருக்கு, கவலைச் சால் எங்கயும் இல்ல.

ஏன் ஒரே பாதையில போய் மாட்டிக்கறாங்கன்னு நானும் தேடிப் படிச்சேன். 1942ல லூச்சின்ஸ்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர் தண்ணி ஜாடி கணக்க வெச்சு ஒரு சோதனை பண்ணியிருக்காரு, நீங்களே கிளாஸ்ல செஞ்சு பாக்கலாம், ஒரு வெள்ளைப் பேப்பர் போதும். மூணு ஜாடி இருக்கு, 21, 127, 3 அளவு புடிக்கும், 100 அளந்து எடுக்கணும். பெருசுல நிரப்பி, அதுல இருந்து 21 ஜாடிக்கு ஒரு தடவையும் 3 ஜாடிக்கு ரெண்டு தடவையும் ஊத்தி எடுத்துட்டா 100 நிக்கும். இதே வழியில வர்ற மாதிரி இன்னும் நாலு கணக்கு குடுக்கறாரு, எல்லாரும் சடசடன்னு போட்டுடறாங்க. அப்பறம் 23, 49, 3 குடுத்து 20 எடுக்கச் சொல்றாரு. பழைய வழியிலயும் வரும், ஆனா 23ல இருந்து ஒரு 3ஐ ஊத்துனாலே 20 ஆச்சு. பெரும்பாலானவங்க அந்த சுலபமான வழிய பாக்கவே இல்ல, பழைய நீட்டு வழியிலயே போனாங்க. அடுத்து 28, 76, 3 குடுத்து 25 கேக்கறாரு, இங்க பழைய வழி வேலைக்கே ஆகாது, 28ல இருந்து ஒரு 3ஐ ஊத்துனா முடிஞ்சுச்சு, ஆனா இதுல நெறைய பேரு வழியே இல்லன்னு விட்டுட்டாங்க. முன்னாடி பழகாத ஆளுங்ககிட்ட நேரா இந்த ரெண்ட மட்டும் குடுத்தா டக்குனு போட்டுடறாங்க.

நான் எங்க பட்டறையில இத குடுத்துப் பாத்தேன். ட்ரெய்னி பசங்க அஞ்சு கணக்க முதல்ல போட்டவங்க எல்லாம் கரெக்டா அந்த எடத்துல மாட்டுனாங்க. அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அவங்களுக்கு அறிவு குறைஞ்சு அப்பிடி ஆகல, பயிற்சிதான் அப்பிடி ஆக்கிருச்சு. ஒரே மாதிரி சம்ம திருப்பித் திருப்பி போட வெச்சா வேகம் வருது, அதே நேரத்துல பக்கத்துல இருக்கற கதவு கண்ணுக்கு மறைஞ்சு போகுது. பயிற்சியே வேண்டாம்னு சொல்லலைங்க, கைப்பழக்கம் இல்லாம எந்த வேலையும் நடக்காது, த்ரெட்டு வெட்டற ஆளு ஒவ்வொரு தடவையும் யோசிச்சிட்டு நிக்க முடியாது. அஞ்சு கணக்கு ஒரே வழியில போட வெச்சீங்கன்னா ஆறாவதா அந்த வழி ஒத்து வராத ஒண்ண சொல்லாம கொள்ளாம உள்ள வைங்கன்னுதான் கேக்கறேன். அந்த ஒரு கணக்குல அவங்க தடுமாறட்டும், உங்க முன்னாடி தடுமாறட்டும், எங்ககிட்ட வந்து ஒரு விவசாயியோட காசுல தடுமாற வேண்டாம்.

இது பசங்க கதை மட்டும் இல்ல. வேலைக்கு சேந்து ஏழெட்டு வருஷம் ஆனப்ப ஒரு மெஷின்ல அதிர்வு வந்துச்சு, நான் பேரிங் மாத்துனேன், ரெண்டு மாசத்துல மறுபடி போச்சு, வேற கம்பெனி பேரிங் போட்டேன், அதுவும் போச்சு, மூணாவது தடவையும் பேரிங்தான் மாத்துனேன். கடைசியில பாத்தா அடியில ஃபவுண்டேஷன் போல்ட்டு லூஸ், அலைன்மெண்ட்டே போயிருந்துச்சு. பேரிங் உடைஞ்சுது உண்மை, ஆனா பேரிங் காரணம் இல்ல. ஜப்பான் கார் கம்பெனி டொயோட்டாவுல உற்பத்தி முறைய உருவாக்குன தைச்சி ஓனோ சொன்ன உதாரணத்த அதுக்கப்பறம்தான் கேள்விப்பட்டேன். மெஷின் நின்னுது, ஏன், ஓவர்லோடுல ஃபியூஸ் போச்சு. ஓவர்லோடு ஏன், பேரிங்குக்கு ஆயில் பத்தல. ஆயில் ஏன் பத்தல, ஆயில் பம்ப் சரியா எடுக்கல. ஏன் எடுக்கல, ஷாஃப்ட்டு தேஞ்சிருக்கு. ஏன் தேஞ்சுது, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) இல்லாம இரும்புத் தூள் உள்ள போயிருக்கு. ஃபியூஸ் மாத்திட்டு போயிருந்தா மறு வாரமே திரும்ப நின்னிருக்கும். இத எங்க பசங்க சுவத்துல சார்ட்டா ஒட்டி வெச்சிருக்காங்க, பரீட்சைக்கும் எழுதறாங்க, ஆனா கையில ஒரு உடைஞ்ச பேரிங்க குடுத்து ஏன்னு அஞ்சு தடவை கேட்டா ரெண்டாவதுலயே நின்னுடறாங்க. ஏன்னா அத யாரும் அவங்கள கேட்டுப் பழக்கல, எழுத வெச்சுத்தான் பழக்கியிருக்கோம்.

இன்னொண்ணு சொல்லணும், தப்பா நெனைக்காதீங்க. எங்க ட்ரெய்னிகள்ல பல பேரு இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா மனப்பாடம் பண்ணுனத ஒப்பிக்கறாங்க, அதையே தமிழ்ல, ஏன் கண்ணு இது இப்பிடி ஆச்சு, உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டா மூஞ்சியே மாறுது, கையாலயே காட்டி விளக்குறாங்க, எங்க வீட்டு கெணத்துல இப்பிடித்தான் சார் ஆச்சுன்னு தானா ஒரு உதாரணம் வருது. அந்த உதாரணந்தான் நமக்கு வேணும். பாதிப் பேரு விவசாயி வீட்டுப் பசங்க, பட்டறைக்காரங்க வீட்டுப் பசங்க, மூட்டை மூட்டையா அனுபவத்தோட காலேஜுக்குள்ள வர்றாங்க, அத கேட்லயே எறக்கி வெச்சுட்டு வான்னு சொல்லற மாதிரி ஆயிருது. பரீட்சைய எந்த மொழியிலயாச்சும் வைங்க, வைவாவுல (வாய்மொழிப் பரீட்சை) பத்து நிமிஷம் தமிழ்ல யோசிக்க விடுங்க.

உங்க கஷ்டம் எனக்கு தெரியாம இல்லைங்க. எங்க அக்கா பையனே ஒரு காலேஜ்ல லெக்சரரா இருக்கான், சம்பளம் ஒழுங்கா வர்றதில்ல, வாரத்துக்கு இருவது மணி நேரம் கிளாஸு, மிச்ச நேரத்துல ஃபைல் எழுதறது, அட்மிஷனுக்கு ஊர் ஊரா போறது. கேள்வித்தாளும் அவன் கையில இல்ல, சிலபஸும் அவன் கையில இல்ல. மாமா நீங்க சொல்றது சரிதான், ஆனா ரிசல்ட் குறைஞ்சா என்னைத்தான் கேப்பாங்கங்கறான். அதனால யுனிவர்சிட்டிய மாத்துங்கன்னு உங்ககிட்ட கேக்கல. உங்க கையில இருக்கற இன்டர்னல் டெஸ்ட்டுல, லேப்ல, ட்யூட்டோரியல்ல கொஞ்சூண்டு எடம் கேக்கறேன். ஒரு சம்ல தேவையில்லாத ரெண்டு நம்பர சேத்து வைங்க. இன்னொரு சம்ல முக்கியமான ஒண்ண எடுத்துடுங்க, என்ன குறையுதுன்னு கண்டுபுடிச்சு கேட்டவனுக்கு பாதி மார்க் குடுங்க, விடையே வராட்டியும் சரி. விடை சரியா போட்டவனையும் விடாதீங்க, வேற எப்பிடி போடலாம்னு ஒரு தடவை கேளுங்க, ரெண்டாவது வழி மொதல் வழிய விட மோசமா இருந்தாலும் பரவால்ல, ரெண்டு இருந்தாத்தான் எது நல்லதுன்னு பாக்கவே முடியும். லேப்ல எல்லாம் ஓடற மெஷினாவே வெச்சிருக்கோம், ரீடிங் எடுத்து கிராஃப் போட்டா முடிஞ்சுது, பக்கத்து பேட்ச் ரெக்கார்டுல இருந்து பாத்தும் எழுதிறலாம். ஒரு நாளைக்கு சக்ஷன் பைப்போட அடியில இருக்கற ஃபுட் வால்வ்ல துணிய அடைச்சு வெச்சுட்டு ரீடிங் எடுக்கச் சொல்லுங்க. அன்னிக்கு அந்த லேப்ல நடக்கற பேச்ச கேளுங்க, நீங்களே சந்தோஷப்படுவீங்க.

1937லயே இந்த ஊர்ல பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் மோட்டார் செஞ்சாங்க, அவங்களுக்கு "கொடுக்கப்பட்டவை"ன்னு யாரும் லிஸ்ட் போட்டு குடுக்கல. அந்த ஊர்ல இருந்து வர்ற பசங்க யாரும் குடுக்கலையே சார்னு நிக்கறத என்னால தாங்க முடியல.

எங்க யூனிட்டு பின்னாடி ஷெட்டுல பழைய பம்ப் பதினஞ்சு இருவது கெடக்கு, சர்வீஸுக்கு வந்து வேண்டாம்னு விட்டுட்டு போனது. ஓனர்கிட்ட கேட்டுட்டேன், காலேஜுக்குன்னா காசு வேண்டாம்னுட்டாரு. வண்டி மட்டும் கொண்டு வாங்க, ஏத்தி விட நான் ஆள் தர்றேன். ரெண்டாவது சனிக்கிழமைன்னா அந்த காயில் கட்டற அண்ணனும் உங்க லேப்புக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு, பசங்ககூட உக்காந்து கேள்வி கேக்க அவருக்கு ரொம்ப புடிக்கும். ஒண்ணே ஒண்ணு, எந்த பம்புல என்ன கம்ப்ளெய்ண்ட்டுன்னு நாங்க எழுதி ஒட்ட மாட்டோம், நீங்களும் பசங்ககிட்ட சொல்லிடாதீங்க.